இருப்பதைக் கொண்டு அடுதல்: எளிய மரக்கறிச் சமையலின் வரலாறு — தமிழ், மலையாள நிலப்பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

உணவு பற்றிய ஆய்வுகள் தமிழில் பெரும்பாலும் இரு வழிகளில் நிகழ்ந்துள்ளன. திணைதோறும் வழங்கிய உணவுகளைத் தொகுத்து வகைப்படுத்துவது ஒன்று. விருந்தோம்பல் என்னும் பண்பாட்டு விழுமியத்தின் பின்னணியில் உணவை விளக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் பயனுள்ளவையே. எனினும், விருந்தினர் வாராத நாளில், களஞ்சியம் வெறுமையாக இருக்கையில், வீட்டில் அகப்பட்ட கீரையையும் காயையும் கொண்டு நாள்தோறும் நடந்த சமையல் இவ்விரு வழிகளிலும் உரிய இடத்தைப் பெறவில்லை.

இலக்கியங்களில் இத்தகைய சமையல் பேசப்படும்போது அது வறுமைக்கான சான்றாக மட்டுமே எடுத்துக்காட்டப்படுகிறது. அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறாக, முன்னோரின் உணவு அனைத்தும் மருந்தே என்று போற்றும் போக்கும் வளர்ந்துள்ளது. முதல் நோக்கு அச்சமையலில் பொதிந்துள்ள அறிவைக் காணத் தவறுகிறது. இரண்டாவது நோக்கு அதற்குப் பின்னால் இருந்த பசியைக் காண மறுக்கிறது. இருப்பதைக் கொண்டு சமைத்தல் என்பது இல்லாமையால் பிறந்தது. ஆயினும் அது வரையறுக்கத்தக்க நுட்பங்களைக் கொண்ட ஓர் அறிவுத்துறை என்பதும், அதனை உருவாக்கியவர்களின் பெயர் வரலாற்றில் பதிவாகவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். சங்கப் பாடல்கள், சிலப்பதிகாரம், கல்வெட்டு, கேரளத்தின் வீட்டுச் சமையல் மரபு ஆகியன இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பண்டைச் சேரநாடும் இன்றைய கேரளமும் ஒரே நிலத்தின் இரு காலங்கள் ஆதலின் இவற்றை இணைத்துக் காண்பது பொருத்தமுடையதாகும்.

வேளைக்கீரையின் மூன்று நிலைகள்

சங்கப் பாடல்களில் எளியோர் உணவாக மீண்டும் மீண்டும் வரும் செடி வேளை ஆகும். இன்று நல்வேளை, தைவேளை என வழங்கும் செடிகளோடு இதனை இணைத்துக் காண்பர். குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் விதைப்பார் இன்றித் தானே முளைப்பது இது. இச்செடியைச் சமைக்கும் காட்சிகள் மூன்றினை ஒப்புநோக்கினால் சில உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வருவது. கிணைப்பறை கொட்டும் கலைஞர் குடும்பத்தின் அடுக்களை அது. குட்டி ஈன்ற நாய் தன் பசியால் குட்டிகளுக்குப் பால்தர மாட்டாமல் குரைக்கிறது. பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையைத் தன் நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டால் நாணம் எனக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு சேர்ந்து உண்கிறாள்.

இரண்டாவது, புறநானூற்றின் 246ஆம் பாடல். பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாய முனையும் அவன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கைம்பெண்ணின் உணவு எத்தகையது என்று எடுத்துரைக்கிறாள். நெய் சேராத, நீரில் கிடந்து கையால் பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளை ஆகியன அவ்வுணவாகும்.

மூன்றாவது, புறநானூற்றின் 215ஆம் பாடல். கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பிசிராந்தையார் வாழும் பாண்டி நாட்டைச் சிறப்பித்துக் கூறுகிறான். அந்நாட்டில் ஆயர்மகள், எருப்படிந்த தெருவில் பூத்த வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டுப் புளிச்சுவையுடைய உணவாக ஆக்குகிறாள். அவரைக்காய் பறிக்கும் உழைப்பாளிகள் அதனை வரகுச் சோற்றுடன் வயிறார உண்கின்றனர்.

செடி ஒன்றே, அது கிடைத்த இடமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் முதற்பாடலில் அது நாணத்திற்குரியது, இரண்டாவதில் நோன்புக்குரியது, மூன்றாவதில் ஒரு நாட்டின் பெருமைக்குரியது. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது கீரை அன்று. கீரையுடன் சேர்ந்த பொருளும், உண்பவர் எந்நிலையில் உண்கிறார் என்பதுமே ஆகும். உப்பின்மை முதலாவதைத் துயரமாக்குகிறது. தயிர் மூன்றாவதை விருந்தாக்குகிறது. கைம்பெண்ணுக்குப் புளி கிடைக்கிறது, நெய் மறுக்கப்படுகிறது. அரசியான பெருங்கோப்பெண்டுக்கு நெய் இல்லாமல் போவது வறுமையால் அன்று, விதியால். ஆகவே எளிய உணவு என்ற ஒரே சொல்லால் இம்மூன்றையும் குறிப்பது பொருந்தாது. இல்லாததால் எளிமை, விலக்கப்பட்டதால் எளிமை, போதுமென்று கொண்டதால் எளிமை என அதனைப் பகுத்துக் காணவேண்டியுள்ளது.

மூன்றாம் வகைக்கு மற்றொரு சான்று புறநானூற்றின் 197ஆம் பாடலில் உள்ளது. யானையும் தேரும் உடைய வேந்தரைக் காட்டிலும், முள்வேலியிட்ட கொல்லையில் ஆட்டுக்குட்டி மேய்ந்து எஞ்சிய முஞ்ஞைக்கீரையை வரகுச் சோற்றுடன் உண்ணும் சிற்றூர் மன்னரே தம்மால் மதிக்கத்தக்கவர் என்கிறார் மதுரைக் குமரனார். இங்குக் கீரையுணவு மதிப்பின் அளவுகோலாகவே நிற்கிறது.

உப்பும் கொய்யும் முறையும்

உப்பில்லாமல் கீரை வேகவைத்ததைப் புலவர்கள் அழுத்திக் கூறுவதற்குப் பொருளியல் காரணம் உண்டு. உமணர் உப்பினை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்றனர். நெல்லுக்கு நிகரான அளவில் உப்பு மாற்றப்பட்டதை அகநானூற்றின் 140, 390ஆம் பாடல்கள் காட்டுகின்றன. நெல்லே இல்லாத வீட்டிற்கு உப்பு வாங்கும் வழியும் இல்லை என்பது இதனால் பெறப்படும். கீரை கொல்லையில் கிடைக்கும். உப்புக்கோ மாற்றுப்பொருள் வேண்டும். எளிய சமையலில் காயைவிட அதற்குச் சுவை சேர்க்கும் பொருளே அரிது என்னும் இவ்வுண்மை பிற்காலத்தில் எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் பொருந்திவந்துள்ளது.

புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியின் நிலையைக் குமணனிடம் எடுத்துரைக்கிறார். இடுப்பில் குழந்தையுடன் அவள் குப்பைக்கீரையைக் கொய்து, உப்பும் மோரும் இன்றி வெறும் நீரில் வேகவைத்து, சோற்றை மறந்து அக்கீரையை மட்டுமே உண்கிறாள். இப்பாடலில் ஒரு நுண்குறிப்பு உள்ளது. அவள் கொய்வது, முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த, முற்றாத இளந்தளிரை. உரையாசிரியர்கள் இதனை வறுமையின் மிகுதியைக் காட்டும் குறிப்பாகக் கொள்வர். கீரை வளரும்வரை காத்திருக்கப் பசி விடவில்லை என்பது அதன் பொருள். அதுவே ஓர் அறிவையும் காட்டுகிறது. வேரோடு பிடுங்காமல் கணுவில் கிள்ளினால் செடி மறுபடி துளிர்க்கும். கிணைமகள் வேளையை நகத்தால் கிள்ளுவதாகக் கூறுவதும் இத்துடன் ஒப்பிடத்தக்கது. நாளைக்கும் வேண்டும் என்ற கணக்கு இன்றைய பசியிலும் கைவிடப்படவில்லை.

ஆயர் மகளிர் தந்த காய்கள்

சேரநாட்டு இளங்கோவடிகள் இயற்றியதாகக் கருதப்படும் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை, மரக்கறி உணவு சமைக்கப்படுவதை விரிவாகக் காட்டும் பகுதியாகும். மதுரைப் புறஞ்சேரியில் மாதரியின் மனையில் கண்ணகியும் கோவலனும் தங்குகின்றனர். கோவலன் சாவக நோன்பு உடையவன் ஆதலால் அதற்கேற்ற உணவு ஆக்கக் கலங்கள் தருமாறு மாதரி கேட்கிறாள். ஆயர்குல மகளிர் கலங்களோடு பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, தம் மனைப் பாற்பயன் ஆகியவற்றைக் கொண்டுவந்து தருகின்றனர்.

கண்ணகி இவற்றில் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. புகார் நகரின் பெருவணிகர் குடியில் பிறந்த அவள், அன்று அயலார் கொடுத்ததைக் கொண்டு சமைக்கிறாள். வளைந்த வாயினையுடைய அரிவாளால் பலவகைக் காய்களையும் அரிகிறாள். விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, புகையால் கண்கள் சிவக்கின்றன. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் மூட்டிய தீயில் உணவு ஆகிறது. விறகின் இடத்தில் வைக்கோல் நிற்பதும் கவனிக்கத்தக்கது. நெல்லைத் தந்த பயிரின் எஞ்சிய பகுதியே அடுப்பெரிக்கவும் உதவுகிறது.

காய் நறுக்கும் உழைப்பு உடலில் ஏற்படுத்தும் மாற்றத்தை இளங்கோவடிகள் பதிவுசெய்திருப்பது அரியதொரு செய்தியாகும். இவ்வுணவே கோவலன் உண்ணும் இறுதி உணவாக அமைகிறது. காப்பியத்தின் துயரத்தை மிகுவிக்க ஆசிரியர் பயன்படுத்தியது அரண்மனை விருந்தை அன்று. அயலார் தந்த காய்களால் ஆன ஒருவேளைச் சோற்றையே என்பது எண்ணத்தக்கது.

முறையின் பெயரால் வகுத்தல்

சங்க காலத்தில் கறி என்னும் சொல் மிளகையே பெரிதும் குறித்தது. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனையில் மாதுளங்காயை வெண்ணெயோடு சமைக்கும்போது மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்க்கப்படுவதைக் காண்கிறோம். பின்னர் அச்சொல் மிளகிட்டு ஆக்கிய உணவையும், அதன்பின் சோற்றுக்குத் துணையான தொடுகறி அனைத்தையும் குறிக்கலாயிற்று. கேரளத்தில் இன்றும் சோற்றுடன் உண்ணும் எதனையும் கறி என்பது வழக்கம்.

கோயில் கல்வெட்டுகளில் கறியமுது என்ற தொடர் பரவலாக வருகிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி எனப் பெயரிட்டுக் கூறுகிறது. இவ்வகைப்பாட்டில் ஒரு முறைமை உள்ளது. புளியிட்டது, புழுக்கியது, பொரித்தது என ஆக்கும் முறையே இங்குப் பெரிதும் பெயராக நிற்கிறது. முறை நிலையானது, காய் பருவத்திற்கேற்ப மாறக்கூடியது.

இவ்வமைப்பே பிற்கால வீட்டுச் சமையலின் அடித்தளமாகும். தமிழகத்தில் பொரியல், கூட்டு, அவியல், மசியல், துவையல், பச்சடி என்பனவும், கேரளத்தில் தோரன், மெழுக்குபுரட்டி, புழுக்கு, எரிசேரி, புளிசேரி, ஓலன் என்பனவும் எந்த ஒரு காயின் பெயரும் அல்ல. தோரன் என்றால் பொடியாக நறுக்கிய காயையோ கீரையையோ தேங்காய்த்துருவலுடன் மூடிவைத்து அதன் நீரிலேயே வேகவிடுதல். அது பயற்றங்காயாகவும், வாழைப்பூவாகவும், பப்பாளிக்காயாகவும், முருங்கையிலையாகவும் இருக்கலாம். கல்வெட்டில் காணும் புழுக்கு என்ற சொல் மலையாளத்தில் கிழங்குகளைப் புழுக்கி உண்ணும் உணவின் பெயராக இன்றும் வழங்குகிறது. ஆறேழு முறைகளை அறிந்த பெண் கைக்குக் கிடைக்கும் எந்தக் காயையும் உணவாக்க வல்லவள். ஆகவே ‘இன்று என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கு ஏற்ற விடை தரும்படி இம்மரபு அமைந்துள்ளது எனலாம்.

கர்க்கடகமும் பத்திலையும்

இருப்பதைக் கொண்டு சமைக்கும் அறிவு மிகுதியும் சோதிக்கப்பட்ட காலம் கேரளத்தில் கர்க்கடக மாதமாகும். தமிழ் ஆடியோடு ஒத்த இம்மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். வயல்வேலை கிடையாது; கூலியும் கிடையாது. முந்தைய அறுவடை நெல் தீர்ந்திருக்கும். சிங்கமாதத்து அறுவடை வந்திருக்காது. பஞ்ஞக் கர்க்கடகம் என மக்கள் இதனைக் குறித்தனர். பஞ்ஞம் என்பது பஞ்சமே.

இம்மாதத்தில் பத்திலை உண்ணும் வழக்கம் உண்டு. எந்தப் பத்து இலைகள் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு காணப்படுகிறது. சேம்பின் தாள், தகரை, கீரை, மத்தன் எனப்படும் பூசணியின் இலை, கும்பளத்தின் இலை, பயற்றிலை, சேனையிலை, கோவையிலை, தழுதாமை எனப்படும் மூக்கிரட்டை, தொட்டால் அரிக்கும் தூவை ஆகியன பொதுவாக இடம்பெறும். இவ்வேறுபாடே இப்பட்டியலின் இயல்பை உணர்த்துகிறது. ஒரே வகையான பத்து இலைகள் எங்கும் கிடைப்பதில்லை. அவ்வவ்வூர் வேலியில் கிடைப்பனவே பத்தாகின்றன.

இவற்றில் பல நேரடியாக உண்ணத்தக்கன அல்ல. சேம்பும் சேனையும் நாவையும் தொண்டையையும் அரிப்பன. இளந்தாளைத் தேர்தல், நார் உரித்தல், நன்கு வேகவிடுதல், புளி சேர்த்தல் ஆகியவற்றால் அரிப்பு குறைக்கப்படுகிறது. தூவையின் சுணை வெந்தால் அடங்கும். தகரை முதல் மழைக்கு முளைத்த இளந்தளிராக இருக்கும்போதே கொய்யப்படும். முருங்கையிலை இம்மாதத்தில் விலக்கப்படும். எதை உண்ணலாம், எப்போது, எந்தப் பகுதியை, எப்படி என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடைகள் இம்மரபில் உள்ளன. இவ்விடைகள் ஏட்டில் எழுதப்பட்டவை அல்ல. தாயிடமிருந்து மகளுக்குக் கைவழியாக வந்தவை.

பத்திலை இன்று கர்க்கடக மருந்துக்கஞ்சியோடு சேர்த்து உடல்நலத்திற்கான உணவாகப் பேசப்படுகிறது. அதன் நலத்தை மறுப்பதற்கில்லை. எனினும் அரிக்கும் இலையை ஒருவர் முதலில் உண்ணத் துணிந்தது நலம் நாடி மட்டுமே என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பஞ்ஞம் என்ற சொல்லை நீக்கிவிட்டு மருந்து என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது, அதனைக் கண்டறிந்தோரின் துன்பத்தை அழிப்பதாகும்.

முழுப்பயன் கொள்ளுதல்

ஒரு காயின் எல்லாப் பகுதிகளையும் எல்லாப் பருவங்களிலும் பயன்படுத்துவது இம்மரபின் மற்றொரு கூறாகும். பலா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிஞ்சுப்பலா இடிச்சக்கைத் தோரனாகிறது. முற்றிய காயின் சுளை புழுக்காகிறது, எரிசேரியாகிறது. பழம் உண்ணப்பட்டபின் கொட்டை, மண்ணிலோ மணலிலோ சேமிக்கப்பட்டு மழைக்காலத்தில் மாங்காயுடன் சேர்ந்து குழம்பாகிறது. வாழையில் பூவும் தண்டும் காயும் கறியாகின்றன, நேந்திரங்காயின் தோல்கூட வன்பயற்றோடு சேர்ந்து தோரனாகிறது, இலை உண்கலமாகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் உண்டதும் வாழையின் குருத்திலையில்தான்.

சேமிப்பும் இத்துடன் இணைந்தது. முற்றிய கும்பளங்காயையும் வெள்ளரிக்காயையும் வாழைநாரில் கட்டி அடுக்களையின் உத்திரத்தில் தொங்கவிடுவர். அடுப்புப் புகையும் காற்றோட்டமும் அவற்றைப் பல மாதங்கள் கெடாமல் காக்கும். மாங்காய் உப்புநீரில் இடப்படும். பாகற்காயும் வெண்டைக்காயும் மோரில் தோய்த்து உலர்த்தப்பட்டு வற்றலாகும். மலையாளத்தில் இதனைக் கொண்டாட்டம் என்பர். அடுப்பெரிக்கத் தென்னையின் மட்டையும் பாளையும் சிரட்டையும் பயன்பட்டன. காயிலும் விறகிலும் வீணாவது இல்லை என்பதைவிட, வீணாக்கும் நிலையில் அவர்கள் இல்லை என்பதே சரியாகும்.

அவியலின் கதைகள்

எஞ்சிய காய்களைக் கொண்டு ஆக்கும் உணவுகளுள் புகழ்பெற்றது அவியல். நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கேரளம் முழுவதிலும் இது வழங்குகிறது. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர் நிலப்பகுதியோடு இணைந்திருந்தமை இவ்வொற்றுமைக்கு ஒரு காரணமாகும்.

அவியலின் தோற்றம் குறித்து இரு கதைகள் வழங்குகின்றன. விராடன் அரண்மனையில் மடையனாக மறைந்திருந்த வீமன், இருந்த காய்களையெல்லாம் ஒன்றாக இட்டு ஆக்கினான் என்பது ஒன்று. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள்கள் நிகழும் முறஜபத்தின்போது காய்கள் தீர்ந்துபோக, எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஆக்கச்செய்தனர் என்பது மற்றொன்று. இவை வரலாற்றுச் செய்திகள் அல்ல. மக்கள் வழக்கில் உள்ள கதைகளே. ஆயினும் இவற்றின் அமைப்பு ஆராயத்தக்கது. இரண்டிலும் பற்றாக்குறையே உணவைத் தோற்றுவிக்கிறது. இரண்டிலும் கண்டுபிடித்தவர் ஆண். இடம் அரண்மனை அல்லது கோயில். நாள்தோறும் ஒரு துண்டு சேனை, பாதி வாழைக்காய், இரண்டு முருங்கைக்காய் எனச் சேர்த்துச் சமைத்த வீட்டுப்பெண்ணைப் பற்றிய கதை ஏதும் இல்லை. அன்றாடம் நிகழ்வது கதையாவதில்லை. அரண்மனையில் ஒருமுறை நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது கதையாகிறது.

அவியல் ஆக்கும் முறையிலும் நுட்பம் உண்டு. வேகும் நேரம் வேறுபடும் காய்களை ஒரே கலத்தில் குழையாமல் வேகவைக்கவேண்டும். சேனை, வாழைக்காய் போன்றவை முதலிலும் வெள்ளரி போன்ற நீர்க்காய்கள் பின்னரும் இடப்படும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்க்கப்படும். புளிப்புக்குத் தயிரோ மாங்காயோ புளியோ அவ்வீட்டில் உள்ளது பயன்படும். இறக்கியபின் ஊற்றும் சிறிதளவு பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் மணம் தரும். தாளிப்பதற்கு வேண்டிய எண்ணெய்ச் செலவு இதில் இல்லை.

புதுக்காய்களும் மரவள்ளியும்

1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக் கடற்கரையை அடைந்தபின், அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் பல இந்நிலத்திற்கு வந்தன. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, மரவள்ளி ஆகியன அவற்றுள் சில. மிளகுபோல் காரமுடைய காய் என்பதால் மிளகாய் என்றும், பறங்கியரோடு தொடர்புபடுத்திப் பரங்கிக்காய் என்றும் தமிழ் பெயரிட்டுக்கொண்டது. இவற்றை ஏற்பதில் பழைய முறைப்பெயர்கள் உதவின. புதிய காய் வந்தபோது புதிய முறை தேவைப்படவில்லை. அது பொரியலாகவோ கூட்டாகவோ ஆயிற்று. எனினும் திதி முதலிய சடங்குச் சமையலில் இவை விலக்கப்பட்டு நாட்டுக்காய்களே கொள்ளப்படுகின்றன. இதனால் சடங்கு உணவு, பழங்காய்களின் பட்டியலைக் காத்து வரும் சான்றாகவும் அமைகிறது.

மரவள்ளியின் வரலாறு அரசின் கொள்கையோடும் பசியோடும் தொடர்புடையது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அப்பயிரைப் பரப்ப ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப்போரில் 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டதும், இறக்குமதி அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. அப்போது எளியோரைத் தாங்கியது மரவள்ளியே. அதிலும் சமையலறிவு உயிர்காக்கும் அறிவாக இருந்தது. கிழங்கில் இயல்பாக உள்ள நச்சுத்தன்மை நீங்க, தோலுரித்து நறுக்கி வேகவைத்து அந்நீரை வடித்துவிட வேண்டும். மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்த துவையல் அதற்குத் துணையாயிற்று. மீன் வாங்க இயலாத வீட்டில் அதுவே முழு உணவாயிற்று.

விலக்கப்பட்டோர் சமையல்

பெருங்கோப்பெண்டு கூறிய கைம்மை உணவு சங்ககாலத்தோடு முடிந்துவிடவில்லை. இந்தியாவின் பல பகுதிகளில் அது தொடர்ந்தது. வங்காளத்தில் உயர்சாதிக் கைம்பெண்களுக்கு மீனும் இறைச்சியும் மட்டுமன்றி வெங்காயம், பூண்டு, மைசூர்ப்பருப்பு ஆகியனவும் விலக்கப்பட்டன. 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் இயற்றப்பட்ட பின்னும் அடுக்களை விதிகள் நெடுங்காலம் மாறவில்லை. அவர்கள் காய்த்தோல், வாழைப்பூ, வாழைத்தண்டு, சேம்பு ஆகியவற்றைக் கொண்டு ஆக்கிய உணவுகள் இன்று வங்காளச் சமையலின் நுட்பமான பகுதியாக மதிக்கப்படுகின்றன. தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ள மரக்கறி மரபின் ஒரு பகுதி இத்தகைய விலக்கிலிருந்தே செழித்தது என்பதை ஒதுக்கிவிட இயலாது. சுவையைப் போற்றும்போது விதியை மறந்துவிடலாகாது. விதியைக் கண்டிக்கும்போது அப்பெண்களின் திறனைக் காணாது விடலும் ஆகாது.

அச்சுநூலும் அளவும்

20ஆம் நூற்றாண்டில் சமையல் அறிவு அச்சுக்கு வந்தது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் தமிழில் இவ்வகையில் பெருஞ்செல்வாக்குப் பெற்ற நூலாகும். கூட்டுக்குடும்பத்தைவிட்டுத் தொலைவில் இல்லறம் தொடங்கிய பெண்களுக்கு அது மூத்தோரின் இடத்தில் நின்று உதவியது. ஒரு பெண்ணின் அடுக்களை அறிவு அவள் பெயரிலேயே நூலாக நிலைபெற்றது சிறப்புடைய நிகழ்வாகும்.

எனினும் அச்சுநூலின் இயல்பு, வேண்டிய பொருள்களையும் அளவையும் முதலில் கூறுவது. இருப்பதிலிருந்து தொடங்கும் வீட்டுச் சமையல், அச்சில் வேண்டியதிலிருந்து தொடங்குவதாக மாறுகிறது. பட்டியலில் உள்ள ஒன்று இல்லையெனில் அவ்வுணவே இயலாது என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. குப்பைக்கீரையும் சேம்பின் தாளும் காய்த்தோலும், விலைகொடுத்து வாங்கப்படாதவை ஆதலின், இத்தகைய பட்டியல்களில் அரிதாகவே இடம்பெற்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. எளிய மரக்கறிச் சமையல் ஒரே தன்மையது அன்று. இல்லாமை, விலக்கு, நிறைவு என்னும் மூன்று நிலைகளில் அது இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. அச்சமையல், மீண்டும் துளிர்க்கக் கொய்தல், முறையை நிலைநிறுத்திக் காயை மாற்றுதல், தீங்கு நீக்குதல், முழுப்பயன் கொள்ளுதல் என்னும் நால்வகை அறிவைத் தன்னகத்தே கொண்டது. இவ்வறிவின் படைப்பாளிகள் பெரும்பாலும் பெண்கள். அவர்களது பெயர்களைப் பாடல்களும் கல்வெட்டுகளும் அவியல் கதைகளும் கூறவில்லை.

இவ்வறிவு இன்று விரைந்து குறைந்துவருகிறது. குப்பைமேடும் வேலியும் கொல்லையும் இல்லாத குடியிருப்புகளில் வேளையையும் தகரையையும் இனங்காண்போர் முதியோர் சிலரே. செடியின் பெயர் வழக்கிழந்தால் சங்கப் பாடலின் பொருளும் உரையோடு நின்றுவிடும். முஞ்ஞையும் வேளையும் எவை என்பதை அகராதியில் மட்டும் தேடும் மாணவருக்குப் புறநானூற்றின் 159ஆம் பாடல் முழுமையாக விளங்காது. எனவே தமிழ்த்துறைகள் வட்டார வழக்காய்வின் ஒரு பகுதியாக, முதிய பெண்களிடமிருந்து கீரைகளின் பெயர்களையும், அவற்றைக் கொய்யும் பருவத்தையும், ஆக்கும் முறையையும் அவர்தம் சொற்களிலேயே தொகுத்தல் வேண்டும். அவ்வாறு தொகுக்கும்போது எந்தச் சாதியார், எந்த மாதத்தில், எக்காரணத்தால் அதனை உண்டனர் என்பதையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும். கிணைமகள் நாணத்தால் அடைத்த கதவுக்கு உள்ளே பசியும் இருந்தது, அறிவும் இருந்தது. அவ்விரண்டையும் ஒருங்கே எழுதுவதே இத்துறை ஆய்வின் கடமையாகும்.